பதிவு கூடவே வராது: தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் துணைத் தொழில் மாறுவோருக்கான கணக்கு

"அனாட்டமி ஏற்கெனவே படிச்சாச்சு, நோயாளியைக் கையாளவும் தெரியும். ரெண்டு வருஷத்தில் பிசியோதெரபி முடிச்சிடலாம்தானே?" பயோகைனெடிக்ஸ், அதாவது உடற்பயிற்சி மூலம் உடலை மீட்கும் துறை, படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆம்புலன்சில் ஓடுகிறவர்களும் எக்ஸ்ரே அறையில் நிற்கிறவர்களும் தொழிலின் பெயரை மட்டும் மாற்றி இதையேதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் பதில், முடியாது என்பதுதான். கையில் இருக்கும் திறமை போதாது என்பதல்ல காரணம். திறமை ஆளோடு வரும், பதிவு வராது. ஒரு மாற்றம் கிட்டத்திலா தூரத்திலா என்பதை வேலை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தால் கணக்கு தப்பும். இடையில் எத்தனை பதிவு எல்லைகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும்.

1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது குற்றம். பதிவு தருவது எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றம். அதன் கீழே 12 தொழில் வாரியங்கள். ஒரே வாரியத்துக்குள் பல தொழில்கள், ஒரு தொழிலுக்குள் பல பிரிவுகள். பிசியோதெரபி, பாத மருத்துவம், பயோகைனெடிக்ஸ் மூன்றும் ஒரே வாரியம்தான். ஆனாலும் ஒன்றின் பதிவை வைத்துக்கொண்டு மற்றொன்றில் கை வைக்க முடியாது. நர்ஸ்களுக்கு வேறு மன்றம், மருந்தாளுநர்களுக்கு வேறு மன்றம்.

ஆகவே நான்கு தூரங்கள்: அதே பதிவில் வேறு வேலை, அதே வாரியத்தில் வேறு பிரிவு, வேறு தொழில், வேறு மன்றம். கடைசி இரண்டுக்கும் முழுப் பட்டப்படிப்பு இல்லாமல் பெரும்பாலும் வழியில்லை.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க 'அல்லைட் ஹெல்த்' என்றால் பிசியோ, ரேடியோகிராபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சை) போன்றவை. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அந்தப் பெயரைத் தாங்கிய மன்றம், 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டப்படி நடப்பது, வேறொன்று. கைரோபிராக்டிக், ஹோமியோபதி, ஆயுர்வேதம், யுனானி, அக்குபஞ்சர், ரிஃப்ளெக்ஸாலஜி ஆகியவை அதன் கீழ் வருகின்றன. தனியார் கல்லூரி விளம்பரத்தில் 'அல்லைட் ஹெல்த் பதிவு கிடைக்கும்' என்றிருந்தால் எந்த மன்றத்தின் பதிவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ரேடியோகிராபர்கள்: மாற்றம் மிக எளிதாக இருக்கும் இடம்

ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இருப்பது ரேடியோகிராபியில்தான். நோயறி எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், நியூக்ளியர் மெடிசின், கதிர்வீச்சுச் சிகிச்சை என்று நான்கு பிரிவுகள் ஒரே வாரியத்தில் இருக்கின்றன. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இவற்றில் நான்காண்டுப் பட்டங்களை நடத்துகிறது.

முதலில், பிரிவே மாறாமல் மாறலாம். சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் மூன்றும் நோயறி ரேடியோகிராபரின் பதிவுக்குள்ளேயே அடங்கும். எக்ஸ்ரே அறையின் நெருக்கடியும் இரவுப் பணியும்தான் பிரச்சினை என்றால் நான்கு வருடம் செலவழிக்கும் முன் எம்.ஆர்.ஐ. பக்கம் நகர முடியுமா என்று பாருங்கள். இதை யாரும் 'தொழில் மாற்றம்' என்று சொல்வதில்லை. அதனாலேயே பலர் யோசிப்பதுமில்லை.

அல்ட்ராசவுண்டுக்கு ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம். கர்ப்பகால ஸ்கேனைத் தனியாகக் கிளினிக் வைத்துச் செய்யலாம் என்பது முக்கியக் காரணம். குறுக்குவெட்டு உடற்கூறியல், நோய்க்குறி அறிவு, படங்களைச் சேமித்து அனுப்பும் முறை, பதறும் நோயாளியை அமைதிப்படுத்தும் பேச்சு எல்லாம் கூட வரும். வராதவை இரண்டு. எக்ஸ்ரேயில் நிலையும் கோணமும் சரியாக இருந்தால் படம் சரி. அதைப் படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட். அல்ட்ராசவுண்டில் புரோபைப் பிடித்திருக்கும் கை எதைக் காட்டியதோ அதுதான் பரிசோதனை. கை தவறவிட்டதை ரேடியாலஜிஸ்ட் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நெறிமுறைப்படி நடந்து பழகிய திறமையான ரேடியோகிராபர்கள் முதல் ஆறு மாதம் தடுமாறுவது இங்கேதான். முதல் மூன்று மாத ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையான நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் கழுத்துப் பின்புற நீர்ப்படலத்தை அளக்கலாம். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் காத்திருக்க வேண்டும், தாயை நடக்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அவசர அறை எக்ஸ்ரேயின் வேகத்தில் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமையைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, உடம்பு. தோளைத் தூக்கி, மணிக்கட்டை வளைத்து, நாளெல்லாம் அழுத்திப் பிடிக்கும் வேலை இது. அல்ட்ராசவுண்ட் எடுக்கும் சோனோகிராபர்களில் பெரும்பாலானோருக்குத் தோள், கழுத்து, மணிக்கட்டு வலி வருகிறது. நோயாளிகளைத் தூக்கித் தோள் போய்விட்டது என்பதற்காக இங்கே வருவது தவறான காரணம்.

பாதையிலும் ஒரு தடை இருக்கிறது. பழைய மூன்றாண்டு நேஷனல் டிப்ளமா தேசியத் தகுதிச் சட்டகத்தில் 6ஆம் நிலை. அதன் மேல் செய்த பி.டெக். 7ஆம் நிலை, இப்போதைய நான்காண்டுப் பட்டம் 8ஆம் நிலை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முதுநிலை டிப்ளமா 8ஆம் நிலையில் இருப்பதால் நுழைய 7ஆம் நிலைத் தகுதி வேண்டும். டிப்ளமாவோடு நின்றவர் 20 வருட அனுபவத்தோடு விண்ணப்பித்தாலும், இடையில் ஒரு படி ஏற வேண்டும். அல்லது முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். வழியில் நிரூபிக்க வேண்டும். அதோடு, மேற்பார்வையில் எடுத்த ஸ்கேன்களைப் பதிவேட்டில் காட்ட அங்கீகாரம் பெற்ற பயிற்சி இடமும் தேவை. முதலில் ஸ்கேன் அறையில் இடம் தருபவரைப் பிடியுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். பலர் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்கள் குறைவு. எங்கள் பார்வையில், இரவுப் பணியில் களைத்த ரேடியோகிராபருக்கு நான்கில் இதுதான் நல்ல பொருத்தம். கதிர்வீச்சு இயற்பியல், பாதுகாப்பு விதிகள், மில்லிமீட்டர் சுத்தமாகப் படுக்கவைக்கும் பழக்கம், சி.டி. அனுபவம் எல்லாம் அப்படியே பயன்படும். சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் நடக்கும். ஒரே நோயாளி 25, 30 தடவை வருவார். பெயர், பேரப்பிள்ளை, பயம் எல்லாம் தெரிந்துவிடும். சிலருக்கு அது வரம், சிலரை அதுவே உடைக்கும். குறை: கதிர்வீச்சைப் பாய்ச்சும் லினாக் இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் வேலை. குவாசூலு-நடால் மாகாணத்தில் அரசுத் துறை என்றால் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிரேஸ் போன்ற சில பெரிய மருத்துவமனைகள்தான். மற்றவை நகரத்துத் தனியார் மையங்கள்.

கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் சுவாரசியமான வேலை, குறுகிய சந்தை. டெக்னீசியம்-99எம் ஐசோடோப்பின் அரைவாழ்வு 6 மணி நேரம், அதை ஈனும் மாலிப்டினம்-99க்கு 66 மணி நேரம். நாளின் முழு அட்டவணையும் காலையில் ஜெனரேட்டரிலிருந்து (மாலிப்டினம் டெக்னீசியமாக மாறும் கலம்) எடுக்கும் அளவைச் சுற்றித்தான். மாலிப்டினம் பெலிந்தாபாவின் சஃபாரி-1 அணு உலையில் உள்நாட்டிலேயே தயாராகிறது என்பது இந்த நாட்டுக்கு ஒரு வசதி. வேலை காலியிருக்கிறதா என்று மையங்களிடம் கேட்டுவிட்டுப் படிக்க வேண்டிய பிரிவு இது.

பயோகைனெடிசிஸ்டுக்கு: பிசியோவா, ஆக்குபேஷனல் தெரபியா?

பயோகைனெடிக்ஸ் படித்தவர்கள் ஏன் வெளியேறப் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு மருத்துவமனையில் பணியிடம் மிக அரிது. தனியார் வேலையில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தருகிறது என்பதை நம்பித்தான் வாழ்க்கை.

பிசியோதெரபி நான்காண்டு, 480 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). உயர்கல்விச் சட்டகத்தின் விதி இது: முடித்த பட்டத்தின் கிரெடிட்டில் அதிகபட்சம் பாதியைத்தான் இன்னொரு பட்டத்துக்குக் கொண்டுபோகலாம், புதிய பட்டத்திலும் பாதிக்கு மேல் பழைய கிரெடிட்டாக இருக்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் 240 கிரெடிட், அதாவது இரண்டு வருடம் மிச்சம். அந்த 'ரெண்டு வருஷம்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது.

நடைமுறையில் அது நிகழாததற்குக் காரணம் பாடங்கள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருப்பது. உடற்கூறியல், உடலியங்கியல், ஆராய்ச்சி முறை ஆகியவற்றுக்கு விலக்கு கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வருடத்திலேயே பிசியோவுக்கே உரிய பாடம் ஒன்று இருக்கும். அதை முடிக்காமல் இரண்டாம் வருட மருத்துவமனைப் பயிற்சிக்கு விட மாட்டார்கள். அது இல்லாமல் மூன்றாம் வருடம் இல்லை. விலக்கு கிடைத்த பாடங்களால் அட்டவணை காலியாகும், காலண்டர் சுருங்காது. பழைய பாடம் என்று ஏற்க மறுப்பதும் உண்டு. நெஞ்சுச் சளி அகற்றல், தீவிர சிகிச்சைப் பிரிவில் உறிஞ்சு குழாய் போடுவது, பக்கவாத நோயாளி, கைமுறைச் சிகிச்சை, மின்சிகிச்சை இவை எதுவும் பயோகைனெடிக்ஸில் கிடையாது. உடற்பயிற்சி அளவைக் கூட்டிக் குறைக்கும் கை மட்டும் வகுப்பில் எல்லோரையும் விட முன்னால் இருக்கும்.

ஆக, நான்கு வருடம். அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. பிறகு அரசு அனுப்பும் இடத்தில் சம்பளத்தோடு ஒரு வருடக் கட்டாயச் சமூகப்பணி. ஒரு தொழிலில் முதல்முறை பதியும்போது அது வருகிறது என்பதால், வேறு தொழிலில் முன்பே செய்திருந்தாலும் இன்னொரு வருடத்தைக் கணக்கில் வையுங்கள். ஸ்டேங்கரோ, வடக்கு சூலுலாந்தின் ஒரு மூலையோ, எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முன்பே பேசிவிட வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபியும் நான்கு வருடம், பிறகு சமூகப்பணி. காலம் ஒன்றுதான், வேலை வேறு. உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பின் தரப்படி குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி. மனநலப் பிரிவுக்கும் அதில் பங்கு உண்டு. தசையும் மூட்டும் மட்டுமே பிடித்த பயோகைனெடிசிஸ்ட் அந்த வாரங்களில் மூச்சு முட்டிப் போவார். ஆனால் ஒருவர் எவ்வளவு தூக்குவார், எத்தனை நேரம் நிற்பார் என்று அளந்து எழுதும் பழக்கம் இங்கே நேரடியாகக் காசாகும். சாலை விபத்து நிதிக்கான வழக்குகளில், வேலையிடக் காயங்களுக்கான இழப்பீட்டில், 'இவரால் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா' என்று அறிக்கை எழுதுவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் பெரிய களம். அளப்பதிலும் எழுதுவதிலும் விருப்பமுள்ளவருக்கு பிசியோவை விட இது நல்ல மாற்றம் என்பது எங்கள் கருத்து. எல்லோரும் பிசியோவைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அது பக்கத்து வீடு போலத் தெரிகிறது.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளங்கலை மாணவர்களுக்கு இசிசூலு (சூலு மொழி) பாடத்தைக் கட்டாயமாக்கியது. அது தேர்வுக்காக மட்டுமல்ல. வார்டில் ஒரு பாட்டியிடம் எங்கே வலிக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், கழிவறை எவ்வளவு தூரம் என்று கேட்க முடியாத தெரபிஸ்ட் பாதித் தெரபிஸ்ட்தான்.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்

முதுகு போனவர்களும் தெரு வன்முறையில் சலித்தவர்களும் கேட்பது இரண்டு வழி: நர்ஸிங், அல்லது மருத்துவமனையின் சிகிச்சை, பரிசோதனை இயந்திரங்களை இயக்கும் கிளினிக்கல் டெக்னாலஜி. நர்ஸிங் வேறு மன்றம். மூன்றாண்டு டிப்ளமா அல்லது நான்காண்டுப் பட்டம். வேலை வாய்ப்பு பரந்தது. ஆனால் நான்காண்டு எமர்ஜென்சி பட்டம் பெற்று, தெருவோரத்தில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டவர், வார்டில் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொட முடியாது. கை தானாகப் போகும், போனால் புகார். பணி வரம்பு சுருங்குவதைத் தாங்க முடியுமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி, சம்பளம் அல்ல.

கிளினிக்கல் டெக்னாலஜியில் இதயம், இதய-நுரையீரல் இயந்திரம், தீவிர சிகிச்சை, சிறுநீரகம், நரம்பு, நுரையீரல், இனப்பெருக்கம் என ஏழு பிரிவுகள். வென்டிலேட்டரும் மானிட்டரும் பழகிய கைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இயல்பான இடம். ஆனால் வேலை நிரந்தரமாகக் கிடைப்பது சிறுநீரகப் பிரிவில். டயாலிசிஸ் நோயாளி வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் வருகிறார். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஒரு அமர்வுக்கு 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடும். நீர் சுத்திகரிப்பு இயந்திரம் நின்றால் எல்லா நாற்காலியும் நிற்கும். பரபரப்பு இல்லை, ஒரே ஆட்கள், ஒரே தாளம். ஆம்புலன்ஸ்காரர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேண்டும். மற்றப் பாதி மூன்றே மாதத்தில் சலித்துவிடுவார்கள்.

பல் பக்கம் சுருக்கமாக: வாய் சுகாதாரப் பணியாளர் பல் தெரபிஸ்ட் ஆவதற்கு டர்பனிலேயே மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது, பல் அடைப்பதும் சாதாரணமாகப் பிடுங்குவதும் கூடும். பல் டாக்டர் ஆக வேண்டுமென்றால் இந்த மாகாணத்தில் அந்தப் பட்டம் கிடையாது, ஜோஹனஸ்பர்க், பிரிட்டோரியா, கேப் டவுன் பக்கம் போக வேண்டும்.

பணம்

கல்விக் கட்டணத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இழக்கும் சம்பளத்தை யாரும் போடுவதில்லை. கைக்கு வருவது மாதம் 25,000 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் நான்கு வருடத்துக்கு 12 லட்சம் ராண்ட். கட்டணம் அதன் பக்கத்தில் சிறியது. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் அரசு மாணவர் நிதி உதவி முதல் பட்டத்துக்குத்தான். இரண்டாவது பட்டம் படிப்பவர் அதை நம்பி வரக் கூடாது.

அரசு வேலையில் இருப்பவருக்கு இன்னொரு இழப்பு. துணைத் தொழில்களின் சம்பள அமைப்பில் முதல் தரத்துக்கு அனுபவம் தேவையில்லை, இரண்டாம் தரத்துக்குப் பதிவுக்குப் பின் 10 வருடம், மூன்றாம் தரத்துக்கு 20 வருடம். 12 வருட ரேடியோகிராபர் பிசியோ ஆனால் மறுபடி முதல் தரம். விளம்பரத்தில் 'எந்தத் தொழிலில் பதிவு பெற்ற பின்' என்ற வரியை நிறுத்திப் படியுங்கள். ஆக, சம்பளத்துக்காக மட்டும் முழுப் பட்டம் படிப்பது 35 வயதுக்கு மேல் அநேகமாக நஷ்டம். அந்த வயதில் பணம்தான் நோக்கம் என்றால், இருக்கும் பதிவை வைத்துக்கொண்டே மெடிக்கல் எய்ட் நிறுவனத்தில் நோயறிக் குறியீட்டு வேலை, இயந்திர நிறுவனத்தில் பயிற்சியாளர் வேலை போன்றவற்றை முதலில் பாருங்கள். ஐ.சி.டி.-10 என்னும் நோய்க் குறியீடும் நோயாளியும் இரண்டும் தெரிந்த ஆள் அங்கே எளிதில் கிடைப்பதில்லை.

படிக்கும் காலத்தில் பழைய பதிவைக் கைவிடாதீர்கள். ஏப்ரல் 1க்குள் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் பதிவு இடைநிறுத்தப்படும், அதைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். வருடத்துக்கு 30 தொடர்கல்விப் புள்ளி, அதில் 5 நெறிமுறைக்கு. அதையும் விடாமல் சேருங்கள். வார இறுதியில் பிறருக்குப் பதிலாகப் பார்க்கும் லோக்கம் வேலைதான் வீட்டு வாடகை. இரண்டு பதிவும் கையில் வந்த பிறகு, எந்தத் தொழிலில் இருந்து பார்க்கிறீர்கள் என்று நோயாளியிடம் ஆரம்பத்திலேயே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஒரே அமர்வுக்கு இரண்டு தொழிலின் பேரிலும் பில் போடக் கூடாது. மெடிக்கல் எய்ட் கணக்கில் இது சீக்கிரம் பிடிபடும்.

விண்ணப்பத்துக்கு முன்

மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்ட விவரம், ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட், நிலை, நேரம் எல்லாம் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையோடு வேண்டும். இதைத் தேடி எடுக்கவே மாதங்கள் ஆகும், ஜனவரியிலேயே கேளுங்கள். குவாசூலு-நடாலில் விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்னும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக, கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பர் 30. மருத்துவத் துறைகளுக்கு அதற்கு முன்பே முடியலாம். அதோடு துறைத் தலைவருக்குத் தனியாக எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு, எந்த வருடத்தில் சேர்ப்பீர்கள், குறைந்தபட்சம் எத்தனை காலண்டர் வருடம். மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வரும்வரை வேலையை விடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பட்டத்தோடு வந்து இங்கே தொழில் மாற நினைப்பவர்களுக்கு வரிசை வேறு. முதலில் எஸ்.ஏ.க்யூ.ஏ. என்னும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தின் மதிப்பீடு, பிறகு இருக்கும் பட்டத்துக்கே வாரியத்தின் தேர்வும் பதிவும், அது கிடைத்த பின்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பதிவில்லாத பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) பட்டத்தை வைத்து ஆக்குபேஷனல் தெரபியில் கிரெடிட் கேட்கலாம், கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் படிக்கும் நான்கு வருடமும் லோக்கம் பார்த்துச் சம்பாதிக்க வழி இருக்காது.